ஜி3 பி1 எல்1 ஏ1: கர்ப்ப அட்டையில் இருக்கும் சொற்களை எப்படிப் புரிந்துகொள்வது?

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனைவிக்கு 33 வாரம். மூத்த பெண்ணுக்கு நான்கு வயது. நடுவில் ஒரு கரு எட்டாவது வாரத்தில் தங்காமல் போய்விட்டது. இப்போது எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் கர்ப்ப அட்டையிலும் பக்கம் முழுக்க எழுத்துகளும் எண்களுமாக இருக்கின்றன. அதில் 'ஏ1' என்றால் 'அபார்ஷன் 1' என்று யாரோ விளக்கம் சொல்ல, உறவுக்காரர் ஒருவர் "எப்போ கலைச்சீங்க?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மனைவி சரியாகச் சாப்பிடுவதில்லை. இந்தச் சொற்களுக்கெல்லாம் என்ன அர்த்தம், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் 31 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்படிப்பட்ட அட்டைகளை ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். ஆகவே ஏ1-லிருந்தே தொடங்குகிறேன்.

மருத்துவ ஆங்கிலத்தில் கரு தானாக நின்றுபோனாலும் அபார்ஷன்தான், மருந்து கொடுத்து நிறுத்தினாலும் அபார்ஷன்தான். தமிழில் அப்படி இல்லை. 'கலைந்தது' வேறு, 'கலைத்தது' வேறு. பள்ளிக்கூடமே போகாத பாட்டிகூட இந்த இரண்டையும் மாற்றிப் பேச மாட்டார். எழுத்திலும் ஒன்று கருச்சிதைவு, இன்னொன்று கருக்கலைப்பு. அட்டையில் அந்த ஒற்றை எழுத்தாகச் சுருங்கும்போது இந்த வித்தியாசம் தொலைந்துவிடுகிறது. உங்கள் மனைவிக்கு நடந்தது கருச்சிதைவு. கர்ப்பம் என்று உறுதியானவற்றிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இப்படி நின்றுபோகின்றன. ஆரம்ப வாரங்களில் நிற்பவற்றில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் நேர்ந்த பிழை. பஸ்ஸில் போனதாலோ, மாடிப்படி ஏறியதாலோ, யார் கண்ணோ பட்டதாலோ நடந்ததில்லை. இதை அந்த உறவுக்காரரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் எதிரே உங்கள் மனைவி விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இந்தத் தவறைச் செய்தேன். மாமியார், நாத்தனார் எல்லோரும் பக்கத்தில் நிற்க, "எத்தனை அபார்ஷன்மா?" என்று ஒரு பெண்ணிடம் சத்தமாகக் கேட்டேன். அந்தப் பெண் தலையைக் குனிந்தாள். பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகும்வரை என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, "இடையில ஏதாவது தங்காம போச்சாம்மா?" என்றுதான் கேட்பேன்.

சரி, மற்ற மூன்று எழுத்துகள். ஜி என்பது கிராவிடா. இப்போதையதையும் சேர்த்து எத்தனை முறை கருத்தரித்தார் என்ற கணக்கு. பி என்பது பாரா. கரு வெளியே வந்தால் பிழைக்கக்கூடிய பருவத்தைத் தாண்டி நடந்த பிரசவங்கள். எல் என்பது இன்று உயிரோடு இருக்கும் பிள்ளைகள். ஆக, ஜி3 பி1 எல்1 ஏ1 என்றால் இது மூன்றாவது கர்ப்பம், ஒரு பிரசவம் ஆகியிருக்கிறது, ஒரு குழந்தை இருக்கிறது, ஒன்று தங்கவில்லை. இரட்டைக் குழந்தை பெற்றவருக்கு பி1 எல்2 என்று வரும், பிரசவம் ஒன்றுதான் என்பதால். பி1 எல்0 என்று ஓர் அட்டை வந்தால் வார்டில் எங்கள் குரல் தானாகத் தணிந்துவிடும். அந்தத் தாய் ஒரு குழந்தையைப் பெற்று இழந்தவர் என்று அர்த்தம். அவரிடம் போய் "தலைப்பிரசவமா?" என்று கேட்காமல் இருக்கத்தான் இந்த எழுத்துகள். ஒரு ஷிப்ட்டில் இருப்பவர் அடுத்த ஷிப்ட்டில் வருபவருக்கு ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகும் செய்தி இது.

அடுத்து வாரக் கணக்கு. எல்.எம்.பி. என்பது கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாள். அதிலிருந்து 280 நாள் கழித்து வருவது இ.டி.டி., அதாவது உத்தேசப் பிரசவத் தேதி. மனக்கணக்காகப் போட ஜெர்மன் மருத்துவர் நேகலே பெயரில் ஒரு வழி இருக்கிறது: ஏழு நாளைக் கூட்டி, மூன்று மாதத்தைக் கழிக்க வேண்டும். ஜூன் 10 தீட்டு வந்திருந்தால் மார்ச் 17. கரு உண்டாவது ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான் என்றாலும், அந்த நாள் யாருக்கும் சரியாகத் தெரியாது, தீட்டு வந்த நாள் தெரியும் என்பதால் இப்படி எண்ணுகிறார்கள். ஆகவே "கல்யாணமாகி ஆறு வாரம்தான் ஆச்சு, எட்டு வாரம்னு எழுதியிருக்காங்களே" என்று யாராவது சந்தேகப்பட்டால், அந்த இரண்டு வாரம் இதுதான். இப்படி ஒரு சண்டையை வார்டு வாசலிலேயே தீர்த்துவைத்திருக்கிறேன்.

நம்மூரில் பத்து மாதம் சுமந்து பெற்றவள் என்கிறோம், படித்தவர்கள் ஒன்பது மாதம் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். 280 நாளை 28 நாள் மாதமாகப் பிரித்தால் சரியாகப் பத்து வருகிறது. ஆனால் மருத்துவமனையில் மாதத்தை விட்டுவிட்டு வாரத்தையே சொல்லுங்கள். "எட்டாம் மாசம்" என்றால் வீட்டுக்கு வீடு கணக்கு மாறும், 33 வாரம் என்றால் மாறாது. 37 வாரத்துக்கு முன்பு பிறந்தால் குறைமாதம்.

ரிப்போர்ட்டில் ஸ்கேன்படி 32 வாரம் 1 நாள் என்றும், தேதிப்படி 33 வாரம் என்றும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்கேனில் வருவது குழந்தையின் தலை, வயிறு, தொடை எலும்பை அளந்து, இந்த அளவு சராசரியாக எந்த வாரத்துக் குழந்தைக்கு இருக்கும் என்று இயந்திரம் சொல்வது. கடைசி மூன்று மாதத்தில் இது ஒரு வாரம், இரண்டு வாரம் முன்னே பின்னே இருப்பது வழக்கம். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் தேதிதான் நம்பகமானது. அதில் உறுதி செய்த பிரசவத் தேதியை இப்போதைய ஸ்கேனைப் பார்த்து மாற்றக் கூடாது. இ.எஃப்.டபிள்யூ. என்று எழுதியிருப்பது உத்தேச எடை. அதிலும் நூற்றுக்குப் பத்து, பதினைந்து கூடக்குறைய இருக்கும். 3.8 கிலோ என்று பயமுறுத்திய குழந்தை 3.3 கிலோவில் பிறந்ததை எத்தனையோ முறை தராசில் நானே வைத்துப் பார்த்திருக்கிறேன்.

செஃபாலிக் என்றால் தலை கீழே இருக்கிறது, நல்லது. பிரீச் என்றால் பிட்டமோ காலோ கீழே. டிரான்ஸ்வெர்ஸ் என்றால் குறுக்கே. 33 வாரத்தில் பிரீச் என்று இருந்தாலும் பெரும்பாலான குழந்தைகள் தானே திரும்பிவிடும். மாதம் நிறையும்போது நூற்றில் மூன்று நான்குதான் அப்படியே நிற்கும். கால் முதலில் வந்து பிறந்தவர் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அப்படிப் பிறந்து பிழைப்பது அந்தக் காலத்தில் எவ்வளவு அரிதாக இருந்திருந்தால் இப்படி ஒரு மதிப்பு வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பிளசென்டா என்பது நஞ்சுக்கொடி. 'நஞ்சு' என்று கேட்டதும் விஷம் என்று பயந்த இளம்பெண்களைப் பார்த்திருக்கிறேன். விஷம் இல்லை. தாயின் ரத்தத்திலிருந்து காற்றையும் சத்தையும் எடுத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் உறுப்பு அது. குழந்தையின் கழிவையும் அதுதான் தாயிடம் அனுப்புகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் சூல்வித்தகம் என்று அழகாக எழுதுவார்கள். குழந்தையையும் நஞ்சுக்கொடியையும் இணைக்கும் கயிறுதான் தொப்புள்கொடி. இரண்டையும் வெறுமனே 'கொடி' என்று சொல்வதால்தான் குழப்பம். ஆன்டீரியர் என்றால் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் முன்சுவரில் ஒட்டியிருக்கிறது, போஸ்டீரியர் என்றால் பின்சுவரில். இரண்டுமே சரிதான். முன்பக்கம் இருந்தால் குழந்தை உதைப்பது கொஞ்சம் மந்தமாகத் தெரியும், நடுவில் ஒரு மெத்தை இருப்பதுபோல. கிரேடு 2 என்பது அதன் முதிர்ச்சி. பூஜ்யத்திலிருந்து மூன்று வரை உண்டு, மாதம் ஏற ஏற அதுவும் ஏறும். கவனிக்க வேண்டிய சொல் 'லோ லையிங்' அல்லது 'பிரீவியா'. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாய்க்கு அருகிலோ அதை மூடியோ இருக்கிறது என்று பொருள். ஐந்தாம் மாத ஸ்கேனில் அப்படி இருந்தாலும் கர்ப்பப்பை விரிய விரியப் பெரும்பாலும் மேலே போய்விடும். போகாவிட்டால் வலியே இல்லாமல் ரத்தம் படும், அப்போது ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. உங்கள் ரிப்போர்ட்டில் அந்தச் சொல் இல்லை.

'லிக்கர் அடிக்வேட்' என்பதைப் பார்த்து அதிர்ந்துபோனதாக எழுதியிருந்தீர்கள். லத்தீனில் அந்தச் சொல்லுக்குத் திரவம் என்றுதான் பொருள். பனிக்குட நீர் போதுமான அளவு இருக்கிறது என்று சொல்கிறார்கள். ஏ.எஃப்.ஐ. 9 என்பது அதன் அளவு. வயிற்றை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீர் எவ்வளவு ஆழம் என்று செ.மீ.யில் அளந்து கூட்டுவார்கள். 5-க்குக் கீழே போனால் நீர் குறைவு, 25 அளவுக்குப் போனால் அதிகம். பாதி மாதத்துக்குப் பிறகு அந்த நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். ஆகவே நீர் நன்றாக இருந்தால் குழந்தைக்கு ரத்த ஓட்டமும் சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றன என்று ஓரளவு தெரிந்துகொள்ளலாம். பனிக்குடம் உடைவதைப் பன்னீர்க்குடம் உடைந்தது என்றும் நம் பெண்கள் சொல்வார்கள். வலி இல்லாமல் தண்ணீர் மட்டும் போனாலும் உடனே கிளம்ப வேண்டும். நீர் பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, அதைத்தான் மெக்கோனியம் என்று எழுதுவார்கள்.

கழுத்தில் ஒரு சுற்று கொடி இருப்பதை மாமியாரிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் இருக்கும் போலிருக்கிறது. நான்கில் ஒரு குழந்தை ஏறத்தாழ இப்படித்தான் பிறக்கிறது. மாமன்மாருக்கெல்லாம் ஆகாமல் போயிருந்தால் ஊரில் தாய்மாமன் சீர் செய்ய ஆளே இருக்க மாட்டார்கள். தொப்புள்கொடியைச் சுற்றி வழவழப்பான ஜெல்லி இருப்பதால் எளிதில் நசுங்காது. தலை வெளியே வந்ததும் விரலால் எடுத்துத் தலைக்கு மேல் கழற்றிவிடுவோம், மாலையைக் கழற்றுவதுபோல. இதற்காக மட்டும் யாரும் அறுவை செய்வதில்லை. மாமியாரிடம் தாராளமாகச் சொல்லுங்கள், இந்த விளக்கத்தோடு சேர்த்து.

ரத்தம் படுவதும் பனிக்குடம் உடைவதும் தவிர, இதுவரை சொன்னவற்றில் பயப்பட ஒன்றும் இல்லை. இனிச் சொல்வதைத்தான் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டும், ஏனென்றால் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இது வராது.

20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போய், சிறுநீரில் புரதமும் போனால் அதற்குப் பெயர் பிரீஎக்லாம்ப்சியா. புரதம் இல்லாமலேயே கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள் பாதிக்கப்பட்டாலும் அதே பெயர்தான். முற்றினால் வலிப்பு வரும், அது எக்லாம்ப்சியா. பளிச்சென்று வெட்டுவது என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். உண்மையிலேயே மின்னல் மாதிரிதான் வரும். நம் ஊரில் இதை ஜன்னி என்று சொல்லி, காற்று பட்டது, குளிர்ந்தது என்று காரணம் தேடியதில் எத்தனையோ தாய்மார்கள் போயிருக்கிறார்கள். என் சித்தி அப்படிப் போனவர். மெக்னீசியம் சல்பேட் என்ற விலை குறைந்த ஊசி மருந்து இந்த வலிப்பைத் தடுக்கும். நேரத்துக்கு வந்து சேர்ந்தால் போதும். விடாத தலைவலி, கண் மங்குவது அல்லது பூச்சி பறப்பது, மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நடு இரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மாலையில் கால் லேசாக வீங்குவது பலருக்கும் வரும். ஆனால் "அது நீர் வீக்கம், பார்லி கஞ்சி குடிச்சா போயிடும்" என்று பி.பி. பார்க்காமல் விடாதீர்கள்.

இதோடு இன்னொன்று: அசைவு. குழந்தை வழக்கமாக அசைவதைவிடக் குறைந்திருக்கிறது என்று உங்கள் மனைவிக்குத் தோன்றினால் அன்றே போக வேண்டும். அங்கே வயிற்றில் பெல்ட் கட்டி என்.எஸ்.டி. எடுப்பார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருந்து, அசையும்போது ஏறினால் 'ரியாக்டிவ்' என்று எழுதுவார்கள். அது நல்ல சொல்.

சர்க்கரைப் பரிசோதனை உங்கள் மனைவிக்கு முடிந்திருக்கும். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது. 140-க்குக் கீழே இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை என்ற இந்த எளிய முறை இந்தியாவில் பரவியதில் சென்னை டாக்டர் வி. சேஷய்யாவின் உழைப்பு பெரிது. வெகுதூரத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்களுக்கு அது எவ்வளவு உதவி என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை, 7-க்குக் கீழே என்றால் கடுமையானது.

பிரசவ அறைக்குப் போனால் காதில் விழும் சொற்கள் வேறு. விட்டுவிட்டு வந்து, கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும் வலியைச் சூட்டு வலி என்போம். ஆங்கிலத்தில் பிராக்ஸ்டன் ஹிக்ஸ், 1872-ல் அதை விவரித்த மருத்துவரின் பெயர். உண்மையான வலி இடுப்பிலிருந்து முன்னால் வரும், இடைவெளி குறைந்துகொண்டே போகும், சீரகத் தண்ணீருக்கு அடங்காது. 'பி.வி. பார்க்கணும்' என்றால் உள்பரிசோதனை. 'ரெண்டு விரல்' என்றால் கர்ப்பப்பை வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் திறந்திருக்கிறது, ஏறத்தாழ 3 செ.மீ. முழுதாகத் திறப்பது 10 செ.மீ. இந்த முதல் பாதி மெதுவாகத்தான் நகரும். ஐந்து மணி நேரமாக ரெண்டு விரலிலேயே நிற்கிறது என்று வெளியே நின்று நீங்கள் பதறாதீர்கள். எபிசியோடமி என்றால் பிறப்பு வழியில் சிறிது வெட்டித் தையல் போடுவது. ஃபோர்செப்ஸ்தான் நம் ஆட்கள் 'ஆயுதம் போட்டு எடுத்தாங்க' என்று சொல்வது. எல்.எஸ்.சி.எஸ். என்பது கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டிச் செய்யும் சிசேரியன். ஒருவேளை அது நடந்தால், எந்த இடத்தில் எப்படி வெட்டினார்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா என்று பார்த்து அதைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த பிரசவம் நார்மலாக முடியுமா என்பது அந்த ஒரு வரியைப் பொறுத்தது.

குழந்தை பிறந்ததும் 'ஆப்கார் 8/10, 9/10' என்று எழுதுவார்கள். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார் 1952-ல் வகுத்த முறை. நிறம், துடிப்பு, முகச்சுளிப்பு, தசைவலு, மூச்சு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண், முதல் நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும். 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். கை கால் நீலமாக இருப்பதால் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு மதிப்பெண் குறையும், அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பி.பி.எச். என்றால் பிரசவத்துக்குப் பின் அதிக உதிரப்போக்கு, அரை லிட்டருக்கு மேல். ஒரு பேட் ஒரு மணி நேரத்துக்குள் நனைந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் சுரக்கும் மஞ்சள் நிறப் பால் சீம்பால். அதைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

மனதை நோகடிக்கும் சொற்கள் இன்னும் சில உண்டு. 35 வயதில் முதல் குழந்தை என்றால் 'எல்டர்லி பிரைமி', கர்ப்பப்பை வாய் சீக்கிரம் திறந்தால் 'இன்காம்பிடென்ட்', வலி வர மருந்து வைத்தும் வலி வராவிட்டால் 'ஃபெயில்டு'. திறமையில்லாதவள், தோற்றவள் என்று ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்வதுபோல இருக்கிறது. நாங்கள் பழக்கத்தில் எழுதிவிடுகிறோம். இப்போது இவற்றில் சிலவற்றை மாற்றி எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். மாறட்டும், மாற வேண்டும்.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று: மனைவியின் ரத்த வகை. அட்டையில் ஆர்.எச். நெகட்டிவ் என்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்து, உங்கள் வகை பாசிட்டிவ் என்றால், மூத்த பெண் பிறந்த பிறகும், அந்தக் கரு தங்காமல் போன பிறகும் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று டாக்டர் கேட்பார். முந்தைய கர்ப்பங்களில் தாயின் ரத்தத்தில் கலந்த குழந்தையின் ரத்த அணுக்களுக்கு எதிராகத் தாயின் உடலில் எதிர்ப்பொருள் உண்டாகியிருந்தால் இந்தக் குழந்தையை அது பாதிக்கலாம். அது உண்டாகாமல் தடுக்கத்தான் அந்த ஊசி. ஏ1 என்று எழுதிவைத்ததற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. நெகட்டிவ் என்றால் இந்தக் கர்ப்பத்திலும் 28 வாரத்தில் ஒரு ஊசி உண்டு, அது தாண்டி ஐந்து வாரம் ஆகிவிட்டது. அட்டையில் ஐ.சி.டி. என்று, அந்த எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையின் முடிவு இருக்கிறதா, ஊசி போட்ட தேதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் நாளைக் காலையிலேயே இருவரும் போய்க் கேளுங்கள்.